காவல் துறைத் தலைவர் யாருக்குக் கட்டுப்பட்டவர்? அமெரிக்க நகர நிர்வாகம் குறித்த கேள்வி பதில்

அமெரிக்க நகரங்களின் காவல் துறையும் தீயணைப்புத் துறையும் உள்ளாட்சிக்கு எந்த வகையில் பொறுப்புடையவை என்பது பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். தனிப்பட்ட வழக்குகள், குடியேற்றச் சிக்கல்கள் ஆகியவற்றுக்கு வழக்கறிஞரை அணுகுங்கள்.

கேள்வி: நகரக் காவல் துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் மேயர்தானே தலைவர்?

சில நகரங்களில் ஆம், பல நகரங்களில் இல்லை. நியூயார்க், சிகாகோ, ஹியூஸ்டன் போன்ற இடங்களில் நிர்வாக அதிகாரம் மேயரின் கையில் இருப்பதால், இரு துறைகளின் தலைமையையும் அவரே தேர்ந்தெடுக்கிறார். நகர மன்றத்தின் ஒப்புதல் தேவையா இல்லையா என்பது நகரத்துக்கு நகரம் மாறும். ஆனால் ஃபீனிக்ஸ், டாலஸ், சான் அன்டோனியோ ஆகிய பெரிய நகரங்களிலும், எண்ணற்ற நடுத்தர நகரங்களிலும், மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் ஒரு நகர மேலாளரை ஊதியத்துக்கு அமர்த்துகிறது. காவல் துறைத் தலைவரும் தீயணைப்புத் துறைத் தலைவரும் அந்த மேலாளருக்குக் கீழே பணிபுரிகிறார்கள். வர்ஜீனியாவின் ஸ்டான்டன் நகரம் 1908இல் இப்படி ஒரு மேலாளரை முதலில் நியமித்தது. 1913ஆம் ஆண்டு வெள்ளத்தில் ஒஹாயோவின் டேட்டன் நகரம் சீரழிந்து, மீட்புப் பணிக்குத் திறமையான நிர்வாகம் தேவை என்ற கருத்து வலுப்பெற்ற பிறகே இம்முறை நாடெங்கும் பரவியது. இத்தகைய நகரத்தின் மேயர் கூட்டங்களுக்குத் தலைமை தாங்குவார், விழாக்களில் பேசுவார். காவல் துறைத் தலைவரை அவர் தனியாக நீக்க முடியாது.

மூன்றாவது முறை இன்று ஏறத்தாழ மறைந்துவிட்டது. 1900ஆம் ஆண்டுச் சூறாவளிக்குப் பின் டெக்சஸின் கால்வஸ்டன் நகரம் உருவாக்கிய ஆணையர் முறையில், மன்ற உறுப்பினர் ஒவ்வொருவரும் ஒரு துறையை நேரடியாக நடத்தினார். காவலும் தீயணைப்பும் ஓர் ஆணையரின் பொறுப்பில் இருந்தன. பெரிய நகரங்களில் ஆரிகனின் போர்ட்லாந்து இம்முறையைக் கடைசி வரை பிடித்துக்கொண்டிருந்தது. 2022இல் வாக்காளர்கள் மாற்றத்துக்கு ஒப்புதல் அளித்ததால், 2025இன் தொடக்கத்தில் அங்கும் அது முடிவுக்கு வந்தது.

எந்த நகரமாக இருந்தாலும் மூன்று செய்திகளைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: தலைவரை யார் நியமிக்கிறார், யார் நீக்கலாம், துறைக்கான பணத்தை யார் ஒதுக்குகிறார். மூன்றுக்கும் ஒரே விடை கிடைக்கும் நகரங்கள் குறைவு. நகர இணையதளத்தில் பெட்டிகளும் கோடுகளுமாக வரைந்து வைத்திருக்கும் துறை அமைப்புப் படத்தை மட்டும் நம்பாதீர்கள். அது சட்டம் அன்று.

கேள்வி: மேலாளர் முறை உள்ள நகரத்தில், ஒரு மன்ற உறுப்பினர் தன் பகுதியில் இரவு ரோந்தைக் கூட்டுமாறு காவல் துறைத் தலைவருக்கு உத்தரவிடலாமா?

கூடாது. மன்ற உறுப்பினர்கள் மேலாளரைத் தாண்டி ஊழியர்களுக்கு உத்தரவிடுவதைத் தடுக்கும் பிரிவு இத்தகைய நகரங்களின் சாசனங்களில், அதாவது நகரத்தின் அடிப்படைச் சட்டங்களில், பொதுவாக இருக்கும். உறுப்பினர் தகவல் கேட்கலாம், மன்றக் கூட்டத்தில் கேள்வி எழுப்பலாம், கூடுதல் ரோந்துக்கு நிதி ஒதுக்கும் தீர்மானத்தைக் கொண்டுவரலாம். மன்றம் ஒன்றுகூடி எடுக்கும் முடிவுக்கு வலிமை உண்டு. ஓர் உறுப்பினர் தொலைபேசியில் சொல்லும் சொல்லுக்கு இல்லை. நடைமுறையில் அந்தத் தொலைபேசி அழைப்புகள் நிற்பதில்லை என்பதும், அவற்றைப் பணிவாக மேலாளரிடம் திருப்பிவிடத் தெரிந்த தலைவரே நீண்ட நாள் நிலைக்கிறார் என்பதும் வேறு செய்தி.

கேள்வி: ஒருவரைக் கைது செய்யுமாறு மேயர் சொன்னால், காவலர் அதைச் செய்தாக வேண்டுமா?

இல்லை. கைது செய்யும் அதிகாரம் சட்டத்திலிருந்து நேரடியாக அதிகாரிக்குக் கிடைக்கிறது. குற்றம் நடந்தது என்று கருதப் போதிய காரணம் இல்லாத கைது, யார் சொல்லிச் செய்தாலும் செல்லாது.

கேள்வி: லாஸ் ஏஞ்சலஸ் தீயணைப்புத் துறைத் தலைவரை மேயர் நீக்கியபோது, அவர் நகர மன்றத்திடம் மேல்முறையீடு செய்தார் என்று படித்தேன். மேயர் நீக்கிய பிறகு மன்றத்துக்கு அதில் என்ன வேலை?

நல்ல கேள்வி, நியமனமும் நீக்கமும் தனித்தனிப் பாதைகளில் செல்வதற்கு இது அண்மைக்கால எடுத்துக்காட்டு. 2025 ஜனவரியில் பாலிசேட்ஸ் பகுதியை அழித்த காட்டுத்தீக்குப் பிறகு, பிப்ரவரி 21 அன்று மேயர் கேரன் பாஸ், தீயணைப்புத் துறைத் தலைவர் கிரிஸ்டின் கிரவுலியைப் பதவியிலிருந்து நீக்கினார். நீக்கப்பட்டவர் மன்றத்திடம் முறையிடலாம் என்றும், மன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தால் பதவி திரும்பக் கிடைக்கும் என்றும் அந்நகரச் சாசனம் சொல்கிறது. 15 உறுப்பினர் கொண்ட மன்றத்தில் அவருக்குப் பத்து வாக்குகள் தேவைப்பட்டன. மார்ச் 4 அன்று கிடைத்தவை இரண்டு, எதிராக விழுந்தவை பதின்மூன்று. முடிவு ஒருதலையாக இருந்தாலும், அந்த வாக்கெடுப்பு மேயரையும் தலைவரையும் தத்தம் காரணங்களைப் பொதுமன்றத்தில் சொல்ல வைத்தது. அந்தப் பிரிவின் பயன் அதுதான் என்பது என் கருத்து.

கேள்வி: காவல் துறைக்கு மேல் குடிமக்கள் வாரியம் ஒன்றை வைத்துவிட்டால் அரசியல் தலையீடு நின்றுவிடாதா?

தலையீட்டை நிறுத்தப் போய்ப் பொறுப்பையும் சேர்த்தே நிறுத்திவிட்ட இரண்டு நகரங்களைப் பாருங்கள். விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கியில் தீயணைப்பு, காவல் இரண்டுக்கும் பொதுவான ஆணையம் 1885இல் அமைக்கப்பட்டது. தேர்தலில் வென்ற கட்சி தன் ஆட்களைப் பணியில் நிரப்பும் வழக்கத்தை ஒழிப்பது அதன் நோக்கம். நோக்கம் நிறைவேறியது; ஆனால் பின்னர் வந்த மாநிலச் சட்டத்தால் காவல் துறைத் தலைவரின் பதவி ஆயுட்காலப் பதவியாகி, 1964இல் தலைமைக்கு வந்த ஹெரால்ட் பிரையரை மேயராலும் மன்றத்தாலும் அசைக்க முடியாத நிலை 1984 வரை நீடித்தது. 2023இல் விஸ்கான்சின் சட்டமன்றம் கொண்டுவந்த சட்டம், துறைகளின் கொள்கைகளை வகுக்கும் அதிகாரத்தை ஆணையத்திடமிருந்து எடுத்துத் தலைவர்களிடமே கொடுத்துவிட்டது. ஆணையம் இன்றும் இருக்கிறது; பழைய பலத்தோடு இல்லை.

லாஸ் ஏஞ்சலஸில் ஐந்து குடிமக்கள் கொண்ட காவல் ஆணையம் காகிதத்தில் துறையின் தலைமையாகவே இருந்தது. 1991 மார்ச்சில் கறுப்பின வாகன ஓட்டி ராட்னி கிங்கைக் காவலர்கள் தாக்கிய காட்சியை நாடே பார்த்த பிறகு, அந்த ஆணையம் தலைவர் டேரல் கேட்ஸைக் கட்டாய விடுப்பில் அனுப்பியது. நகர மன்றம் அவருக்குச் சாதகமாகத் தலையிட, நீதிமன்ற உத்தரவுடன் அவர் சில நாள்களிலேயே நாற்காலிக்குத் திரும்பினார். பணிப் பாதுகாப்பு விதிகள் தலைவரைக் காத்தன. அந்தத் தாக்குதலுக்குப் பின் துறையை ஆராய்ந்த கிறிஸ்டோபர் ஆணையத்தின் அறிக்கையை அடுத்து, 1992 ஜூனில் வாக்காளர்கள் சாசனத்தையே திருத்தினார்கள்: தலைவருக்கு ஐந்தாண்டுப் பதவிக்காலம், அதிகபட்சம் இரண்டு முறை, ஆணையம் தரும் பட்டியலிலிருந்து மேயரின் தேர்வு.

ஆகவே வாரியம் இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், அந்த வாரியத்தால் தலைவரை நீக்க முடியுமா என்று கேளுங்கள்.

கேள்வி: ஷெரிஃப் மேயருக்குக் கீழே வருவாரா?

பெரும்பாலும் வரமாட்டார். ஷெரிஃப், மாநிலத்தின் உட்பிரிவான கவுன்ட்டியின் வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கும் அதிகாரி. லாஸ் வேகஸ் (1973 முதல்), ஜாக்சன்வில் (1968 முதல்) போன்ற, நகரக் காவலும் கவுன்ட்டிக் காவலும் இணைந்த இடங்களில் ஷெரிஃபே நகரக் காவலுக்கும் தலைவர். ஷெரிஃபைப் பற்றிய மற்ற கேள்விகள் இந்த அமர்வுக்கு வெளியே.

கேள்வி: கான்சஸ் சிட்டியில் காவல் துறை நகரத்துக்கே சொந்தமில்லை என்கிறார்களே, உண்மையா?

மிசௌரியில் உள்ள கான்சஸ் சிட்டியைப் பொறுத்தவரை ஏறக்குறைய உண்மைதான். அங்கே காவல் துறையை நடத்துவது ஐவர் வாரியம்; நால்வரை மாநில ஆளுநர் நியமிக்கிறார், ஐந்தாமவர் மேயர். அதே நகரத்தின் தீயணைப்புத் துறைத் தலைவரோ நகர மேலாளருக்குக் கட்டுப்பட்டவர். ஒரே விபத்துக்கு இரண்டு வண்டிகள் வருகின்றன. ஒன்று நகர நிர்வாகத்துக்குப் பதில் சொல்கிறது, மற்றது ஆளுநரின் வாரியத்துக்குப் பதில் சொல்கிறது. செலவு இரண்டுக்கும் நகரத்துடையது.

கேள்வி: அதில் என்ன தவறு? ஊழல் மிகுந்த நகர அரசியலிலிருந்து காவலைக் காப்பாற்ற மாநிலம் தலையிட்டது நியாயம்தானே?

1939இல் மாநிலம் அந்தத் துறையைத் திரும்ப எடுத்துக்கொண்டதற்கு உங்கள் வாதம் பொருந்தும். பெண்டர்காஸ்ட் என்ற உள்ளூர்க் கட்சித் தலைவரின் பிடியில் நகர நிர்வாகம் அழுகிப் போயிருந்தது. ஆனால் அதே மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரக் காவலை மிசௌரி கைப்பற்றியது உள்நாட்டுப் போர் மூண்ட 1861இல். அப்போதைய ஆளுநர் தென்மாநிலப் பிரிவினையின் ஆதரவாளர், நகரமோ ஒன்றியத்தின் பக்கம் சாய்ந்தது. ஊழலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. 2012இல் மாநில வாக்காளர்கள் ஒப்புதல் அளித்து, 2013இல் காவல் துறை செயின்ட் லூயிஸ் நகரத்திடம் திரும்பியது; 2025 மார்ச்சில் கையொப்பமான சட்டம் அதை மீண்டும் மாநில வாரியத்திடம் கொடுத்துவிட்டது.

மற்றொருவர் குறுக்கிட்டு: நகரம் தன் பணத்தையாவது கட்டுப்படுத்தலாமே? பணம் கொடுப்பவர் சொல்வதுதானே நடக்கும்?

கான்சஸ் சிட்டி அதையும் முயன்று பார்த்தது. நகரத்தின் பொது வருவாயில் குறைந்தது 20 விழுக்காட்டைக் காவலுக்கு ஒதுக்க வேண்டும் என்று மாநிலச் சட்டம் விதித்திருந்தது. 2021இல் மேயரும் மன்றமும் அந்த வரம்புக்கு மேல் ஒதுக்கியிருந்த ஏறத்தாழ 4.2 கோடி டாலரைத் தனிக் கணக்குக்கு மாற்றி, அது எப்படிச் செலவாக வேண்டும் என்று பேச முயன்றார்கள். நீதிமன்றம் தடுத்தது. சட்டமன்றம் அடுத்த ஆண்டே அந்த 20ஐ 25 ஆக்கியது. அதற்கான அரசமைப்புத் திருத்தத்தை 2022இல் வாக்காளர்கள் ஏற்றார்கள். செலவு மதிப்பீட்டை வாக்குச்சீட்டு தவறாகக் காட்டியது என்று மாநில உச்ச நீதிமன்றம் 2024இல் அதைச் செல்லாததாக்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் மறுவாக்கெடுப்பிலும் அது வென்றது. பணம் கொடுப்பவர் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதையும் வேறொருவர் முடிவு செய்யும் இடம் அது.

முன்னவர் மீண்டும்: ஒரு நகரத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். மாநிலக் கட்டுப்பாட்டில் ஒழுங்கு இருக்கும்.

இன்னும் இரண்டு நகரங்களைத் தருகிறேன். 1857இல் நியூயார்க் மாநிலம் நகரக் காவலைக் கலைத்துத் தன் பெருநகரக் காவலை அமைத்தபோது, மேயர் ஃபெர்னாண்டோ வுட் தன் காவலர்களைக் கலைக்க மறுத்தார். ஜூன் மாதம் நகர மண்டபத்தின் படிகளில் இரண்டு காவல் படைகள் ஒன்றையொன்று தடியால் அடித்துக்கொண்டன. ஒழுங்கை நிலைநாட்டப் படைப்பிரிவு வர வேண்டியிருந்தது. 1919இல் பாஸ்டன் காவலர்கள் வேலைநிறுத்தம் செய்ததை எடுத்துக்கொள்ளுங்கள்: காவல் ஆணையர் எட்வின் கர்ட்டிஸ் ஆளுநரின் நியமனம், ஆகவே மேயர் ஆண்ட்ரூ பீட்டர்ஸ் தரப்பில் எழுந்த சமரசத் திட்டத்தை அவர் ஏற்கவில்லை, ஆளுநர் கூலிட்ஜ் முதலில் ஒதுங்கி நின்றார், நகரம் சூறையாடப்பட்டது. பிறகு மேயர் பழைய சட்டம் ஒன்றைக் காட்டிக் காவலைத் தன் கையில் எடுத்தார், மறுநாளே ஆளுநர் அதை அவரிடமிருந்து பறித்தார். அந்த நியமன அதிகாரம் மேயரிடம் வந்து சேர 1962 ஆயிற்று.

மாநிலக் கட்டுப்பாடு எப்போதும் கேடு என்று நான் சொல்லவில்லை. நியமிப்பவர் ஓர் ஊரில், விளைவைச் சுமப்பவர் வேறோர் ஊரில் என்ற நிலை வந்தால் நெருக்கடியின்போது இரு தரப்பும் மற்றவரைக் கைகாட்டும் என்கிறேன். இந்த விவாதத்தை இத்துடன் முடித்துக்கொள்வோம். காத்திருக்கும் கேள்விகள் பல.

கேள்வி: ஐயா, காவல் துறைக்கு மேயர்தான் தலைவரா?

முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: புதிய மேயர் வந்தால் காவல் துறைத் தலைவர் தானாகப் பதவி இழப்பாரா?

தானாக இல்லை. நியூயார்க் காவல் ஆணையருக்குச் சாசனம் ஐந்தாண்டு என்று எழுதியிருந்தாலும், மேயர் விரும்பினால் அவரை முன்பே நீக்கலாம்.

கேள்வி: எங்கள் பகுதிக்குத் தீயணைப்பு வண்டி வருகிறது, ஆனால் எங்கள் நகரத்தில் தீயணைப்புத் துறையே இல்லை என்கிறார்கள். அப்படியானால் அது யாருடையது?

பெரும்பாலும் தீயணைப்பு மாவட்டத்துடையது. மாவட்டம் என்பது தனக்கென ஒரு வாரியமும், பல இடங்களில் சொத்து வரி விதிக்கும் உரிமையும் கொண்ட தனி உள்ளாட்சி அமைப்பு. நகர மன்றத்துக்கு அது கட்டுப்பட்டதன்று. வேறு சில இடங்களில் பல நகரங்கள் கூடி ஒரு கூட்டு அமைப்பை ஏற்படுத்திக்கொள்கின்றன; 1995இல் உருவான ஆரஞ்சு கவுன்ட்டி தீயணைப்பு ஆணையம் அப்படிப்பட்டது, அதன் வாரியத்தில் உறுப்பு நகரங்களின் பிரதிநிதிகள் அமர்கிறார்கள். சிற்றூர்களில் தன்னார்வலர் சங்கங்கள் ஊராட்சியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு பணியாற்றுகின்றன. அங்கே ஊராட்சியின் பிடி ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட அளவுதான். உங்கள் சொத்து வரிச் சீட்டை எடுத்துப் பாருங்கள். தீயணைப்புக்கென்று தனி வரி இருந்தால், நீங்கள் கேள்வி கேட்க வேண்டிய கூட்டம் நகர மன்றக் கூட்டம் அன்று.

கேள்வி: காவலும் தீயணைப்பும் ஒரே துறையாக இருக்கலாமா?

இருக்கலாம். கலிஃபோர்னியாவின் சன்னிவேல் நகரில் 1950 முதல் அப்படித்தான். அதிகாரிகள் இரு பணிகளுக்கும் பயிற்சி பெறுகிறார்கள்.

கேள்வி: இந்தியாவில் ஏன் இப்படி இல்லை?

அங்கே காவல் மாநிலப் பட்டியலில் உள்ளது. தீயணைப்பு அரசமைப்பின் பன்னிரண்டாவது அட்டவணையில் நகராட்சிப் பணியாகக் குறிக்கப்பட்டிருந்தும், பெரும்பாலும் மாநிலத் துறையாகவே நடக்கிறது. மும்பையில் அது மாநகராட்சியின் கீழ். விரிவாக எழுத இது இடமன்று.

கேள்வி: எங்கள் நகர இணையதளத்தில் உள்ள படத்தில் காவல் துறையிலிருந்து மேயருக்குக் கோடு செல்கிறது. ஆகவே மேயர்தானே...

படத்தை நம்பாதீர்கள் என்று எழுதியிருந்தேன். சாசனத்தைத் திறந்து, நிர்வாக அதிகாரம் யாரிடம் உள்ளது என்ற பிரிவைப் படியுங்கள். பிறகு மாநிலச் சட்டம். அதன் பிறகு தொழிற்சங்க ஒப்பந்தம். ஒழுங்கு நடவடிக்கையைப் பொறுத்தவரை ஒப்பந்தம் பல சமயங்களில் மற்ற இரண்டையும்விட அதிகம் பேசும். தலைவர் நீக்கிய காவலரை நடுவர் மீண்டும் பணியில் அமர்த்தலாமா என்பது அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.

கேள்வி: கூட்டாட்சி நீதிமன்றத்தின் கண்காணிப்பில் உள்ள நகரங்களில் காவல் துறைத் தலைவர் யாருக்குப் பதில் சொல்கிறார்?

நகரத்துக்கும் நீதிமன்றத்துக்கும். 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, உரிமை மீறல் வழக்கமாகிவிட்ட காவல் துறைமீது கூட்டாட்சி அரசின் நீதி அமைச்சகம் வழக்குத் தொடரலாம். நியூ ஆர்லியன்ஸ், பால்டிமோர் ஆகிய நகரங்களில் இவ்வாறு எட்டப்பட்ட உடன்பாடுகளை முறையே 2013இலும் 2017இலும் நீதிமன்றங்கள் ஏற்று, கண்காணிப்பாளர்களை அமர்த்தின. தலைவரை நியமிப்பதும் நீக்குவதும் நகரத்திடமே இருந்தன; ஆனால் பலப்பிரயோக விதிகளையோ பயிற்சி முறையையோ மேயர் நினைத்த மாத்திரத்தில் மாற்ற இயலாது, உடன்பாட்டில் உள்ளவற்றை மாற்ற நீதிபதியின் ஒப்புதல் வேண்டும். அதற்கான செலவை மன்றம் தட்டிக்கழிக்கவும் முடியாது. பால்டிமோரில் இன்னொரு முடிச்சும் இருந்தது: 1860 முதல் அந்தத் துறை சட்டப்படி மாநில அமைப்பாகவே இருந்தது, அதை நகரத்திடம் மீட்டுத் தரும் சாசனத் திருத்தத்துக்கு வாக்காளர்கள் 2022 நவம்பரில்தான் ஒப்புதல் அளித்தார்கள்.