லாஞ்சில் வந்தவர்கள் முதலில்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் அப்பா ரொறன்ரோவில் காலமானார். முப்பத்தோராம் நாள் கல்வெட்டுக்கு (இறந்தவரின் நினைவாக அச்சிடும் சிறு நூலுக்கு) அவருடைய வாழ்க்கைக் குறிப்பை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. அவர் 1966 முதல் இலங்கையின் திருகோணமலைக் கச்சேரியில் (மாவட்ட அரச அலுவலகத்தில்) எழுதுவினைஞராக இருந்தவர். 1986இல் கனடாவுக்கு வந்தபின், இருபது ஆண்டுகள் இரவில் அலுவலகக் கட்டடங்களைத் துப்புரவு செய்தார். பகலில் எங்கள் சமையலறை மேசையில், ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பார். யாரிடமும் காசு வாங்கியதில்லை. சித்தப்பா, துப்புரவு வேலையை எழுதாமல் கச்சேரியோடு நிறுத்தச் சொல்கிறார். 'கடின உழைப்பாளி' என்பதற்குமேல் எனக்கும் எதுவும் வரவில்லை. கச்சேரியில் மூதூர் ஆக்களை முதலில் விடுவார், அதனால் மற்றவர்களிடம் பேச்சு வாங்குவார் என்று அம்மா சொல்வதுண்டு. அது ஏனென்று விளங்கவில்லை. என்ன எழுதட்டும்?

ஒரு வாசகி, ரொறன்ரோ

அன்பின் சகோதரிக்கு,

அம்மா சொன்னதிலிருந்தே தொடங்குங்கள். அந்நாளில் மூதூரிலிருந்து தரைவழியாக நகருக்கு வருபவர், ஒன்றன்பின் ஒன்றாகப் பல துறைகளில் பாதை ஏறி இறங்க வேண்டும் (பாதை என்று நாங்கள் சொல்வது ஆளையும் வாகனத்தையும் அக்கரை சேர்க்கும் மிதவையை, கிண்ணியாவில் பாலம் வந்ததே 2009இல்தான்). ஆகவே பெரும்பாலோர் கொட்டியாரக்குடாவை லாஞ்சில் (மோட்டார் படகில்) கடந்தே வந்தார்கள். கடைசி லாஞ்சைத் தவறவிட்டவருக்கு அன்றிரவு வீடு இல்லை.

எனக்கு எட்டு வயதிருக்கும். அம்மம்மாவுடன் ஓர் அலுவலகத்தில் காலையிலிருந்து வரிசையில் நின்றேன். எங்கள் முறை வந்தபோது, விதானையாரின் (கிராம அலுவலரின்) கையொப்பம் ஓரிடத்தில் இல்லையென்று கடதாசியைத் திருப்பித் தந்தார்கள். லாஞ்சும் போய்விட்டது. சேலைத் தலைப்பில் முடிந்திருந்த காசில் அம்மம்மா எனக்கு இரண்டு பணிஸ் வாங்கித் தந்தார். தான் ஒன்றும் சாப்பிடவில்லை. பத்திரகாளி அம்மன் கோயிலடியில் தெரிந்தவர் வீட்டு விறாந்தையில் படுத்தோம். அங்கே எவரும் விதியை மீறவில்லை, ஒழுங்கான வரிசைதான். அந்த ஒழுங்கு, பின்னேரம் நடந்தே வீட்டுக்குப் போகக்கூடிய நகரத்தவருக்குப் பொருந்தியது. அந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு, பேச்சும் வாங்கிக்கொண்டு, லாஞ்சுக்காரரை முன்னே அழைத்த ஒருவரைக் 'கடின உழைப்பாளி' என்று மட்டும் எழுதுவது போதாது.

சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய 1956ஆம் ஆண்டின் அரசகரும மொழிச் சட்டத்துக்குப் பின் சேவையில் சேர்ந்த தமிழ் ஊழியர்கள் சிங்களத் தேர்ச்சி காட்டாவிட்டால் சம்பள ஏற்றம் நின்றுவிடும். 1966இல் சேர்ந்த அப்பாவுக்கும் அந்தத் தேர்வு முன்னே நின்றிருக்கும். பழைய கடிதக் கோவை இருந்தால் பாருங்கள். அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது 1987இல், அதாவது அவர் புறப்பட்ட மறு ஆண்டில். தமக்கு விளங்காத மொழியில் வந்த கடிதங்களோடு கச்சேரிக்கு வந்து நின்ற சனங்களைப் பார்த்துப் பழகியவர், ரொறன்ரோவில் ஆங்கிலப் படிவத்தோடு வந்து நின்றவரைக் கண்டதும் மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

சித்தப்பாவின் கூச்சம் எனக்குப் புரிகிறது. நம்மவரிடையே 'கச்சேரி உத்தியோகத்தர்' என்ற சொல்லுக்கு இன்றும் ஒரு எடுப்பு உண்டு. ஆனாலும் அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. கச்சேரியில் இருந்தபோது அவருக்குச் சம்பளம் கொடுத்தது அரசு. சமையலறை மேசையில் காசு வாங்காமல் இருக்க அவருக்கு இடம் தந்தது அந்த இரவு வேலை. அதை நீக்கினால், பகலில் அவர் எதை உண்டு அந்தப் படிவங்களை நிரப்பினார் என்று வாசிப்பவர் கேட்பார்.

என்னிடம் ஒரு பெட்டி நிறையக் கல்வெட்டுகள் உண்டு. இறந்த திதியைச் சொல்லும் திதி வெண்பாவை நீக்கிவிட்டால் பலவற்றில் யார் இறந்தார் என்றே தெரியாது. எல்லோரும் பண்பாளர், எல்லோரும் பாசமிகு தந்தையர். ஆகவே அடைமொழிகளைக் குறைத்து, பின்னேரக் கடைசி லாஞ்சு எத்தனை மணிக்குப் புறப்பட்டது என்று அம்மாவிடம் கேட்டு அதை எழுதுங்கள். அச்சானதும் எனக்கு இரண்டு பிரதிகள் அனுப்புங்கள். ஒன்றை மூதூர் நூலகத்தில் கொடுத்துவிடுகிறேன்.