கரப்பனைத் தடுக்க ஊசி இருக்கிறதா?

கேள்வி: மூத்த மகனுக்கு நாலாம் மாதத்தில் கரப்பன் வந்தது. இப்போது தொய்வும் இருக்கிறது. அடுத்த மாதம் இரண்டாவது பிள்ளை பிறக்கப்போகிறது. பிறந்தவுடன் பி.சி.ஜி. போட்டால் கரப்பன் வராதாம் என்று மெல்பேர்னில் இருக்கும் அக்கா சொல்கிறா. மாமியோ, கிளினிக் ஊசியால்தான் மூத்தவனுக்கு வந்தது என்கிறா. யார் சொல்வது சரி?
வாசகி, சாவகச்சேரி

பதில்: தங்கச்சி, மாமி சொல்வது சரியில்லை. ஆனால் அவ ஏன் அப்படி நினைக்கிறா என்பது விளங்குகிறது. கரப்பன் பல பிள்ளைகளுக்குத் தலைகாட்டுவது முதல் ஆறு மாதங்களில். கிளினிக் ஊசிகள் வருவதும் இரண்டு, நாலு, ஆறாம் மாதங்களில். ஊசி போட்ட கிழமையே கன்னம் சிவந்தால் பழி எங்கே போகும்?

அக்கா சொல்வதில் கொஞ்சம் விஷயம் இருக்கிறது. மெல்பேர்னில் 1,272 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் பிறந்து பத்து நாளுக்குள் பி.சி.ஜி. போட்டார்கள். ஒரு வயதில் பார்த்தால், போட்டவர்களில் நூற்றுக்கு 32 பேருக்குக் கரப்பன், போடாதவர்களில் 37 பேருக்கு. இவ்வளவு வித்தியாசம் தற்செயலாகவும் வரலாம். தாய், தகப்பன் இருவருக்குமே ஒவ்வாமை உள்ள பிள்ளைகளில்தான் இடைவெளி பெரிது: 35க்கு 47.

எப்படியோ, நீங்கள் முடிவெடுக்க இதில் ஒன்றுமில்லை. இங்கே துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்ப முதலே பி.சி.ஜி. போட்டுவிடுவார்கள். அது கசநோய்க்கான ஊசி, குறிப்பாகக் குழந்தைகளின் மூளையைத் தாக்கும் வகைக்கு. மூத்தவனின் இடது கையில் தழும்பு இருக்கிறதா என்று பாருங்கள். போட்டும் அவனுக்குக் கரப்பன் வந்ததுதானே!

நான் கூடுதலாகக் கவலைப்படுவது சாப்பாட்டைப் பற்றி. அண்ணனுக்குக் கரப்பன் என்று தம்பிக்கு முட்டையையும் கச்சானையும் தள்ளிப்போடுகிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அது நேர்மாறான வேலை. கடும் கரப்பனோ முட்டை ஒவ்வாமையோ இருந்த குழந்தைகளுக்கு ஒரு வயதுக்கு முன்பே கச்சான் கொடுத்துப் பார்த்த லண்டன் ஆய்வு 2015இல் வெளிவந்தது. தொடர்ந்து சாப்பிட்டவர்களுக்கு ஐந்து வயதில் கச்சான் ஒவ்வாமை ஐந்தில் நாலு பங்கு குறைவு. வாய்வழியே போனால் உடம்பு பழகிக்கொள்ளும். வெடித்த தோல்வழியே போனால் பகையாக எடுக்கக்கூடும். அதனால் சிவந்த தோலில் பயத்தம் மாவும் நல்லெண்ணெயும் தேய்க்கவேண்டாம், மாமியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

ஆறு மாதம் முடிந்து சோறு தீத்தத் தொடங்கியதும் நன்றாக அவித்த முட்டையைக் கொஞ்சம் கொடுங்கள். பிறகு கச்சானைப் பசையாக அரைத்து, கஞ்சியில் கரைத்துக் கொடுக்கலாம். முழுக் கச்சான் தொண்டையில் சிக்கும், ஐந்து வயதுவரை கையில் கொடுக்கவே கூடாது. அதற்குள் சின்னவனுக்கும் கடும் கரப்பன் வந்துவிட்டால், முதல் கச்சானுக்கு முன் பிள்ளை டொக்டரிடம் ஒருதரம் காட்டுங்கள்.