சதுரங்கத்தில் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தும் யானை இறுதியாட்டம் ஏன் சமனில் முடிகிறது?

இருவரிடமும் தலா ஒரு யானை, வெள்ளையிடம் மட்டும் ஒரு சிப்பாய் என்று எஞ்சும்போது, வெள்ளையின் வெற்றி உறுதி என்றே கிளப் ஆட்டக்காரர்கள் பலர் எண்ணுகின்றனர். ஆனால் அச்சிப்பாய் ராணியாக வேண்டிய கட்டத்திலேயே கறுப்பு ராஜா நின்றுவிட்டால், 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு சதுரங்க வீரர் பிலிடோர் விளக்கிய தற்காப்பு, ஆட்டத்தைக் காப்பாற்றிவிடும்.

கறுப்பு தன் யானையை, வெள்ளையின் பக்கத்திலிருந்து எண்ணும்போது 6ஆம் வரிசையில் நிறுத்தி, வெள்ளை ராஜா அங்கே நுழையாதபடி தடுக்க வேண்டும். சிப்பாய் 6ஆம் வரிசைக்கு முன்னேறிய மறுகணமே யானையை 1ஆம் வரிசைக்கு இறக்கி, ஒதுங்க இடமற்றுப்போன வெள்ளை ராஜாவுக்குப் பின்னாலிருந்து தொடர்ந்து செக் (ராஜா மீது நேரடித் தாக்குதல்) கொடுக்க வேண்டும். இந்த வரிசைமுறைதான் உயிர்நாடி. கடிகாரம் நெருக்கும்போது யானையை முன்கூட்டியே இறக்கிவிட்டால், வெள்ளை ராஜா சிப்பாய்க்கு முன்னே 6ஆம் வரிசையில் புகுந்து மேட் (ராஜா தப்ப முடியாத செக்) மிரட்டலைத் தொடங்கிவிடும். அதன்பின் சமன் செய்வது மிகக் கடினம்.