கரிமக் கணக்கை எங்கே தொடங்குவது? பினாங்கிலிருந்து சில பதில்கள்

பாயான் லெப்பாஸ் பக்கம் மின்னணுத் தொழிற்சாலைகளில் பல வருடமாகப் பிளானிங், கொள்முதல் டேட்டாவோடு வேலை செய்கிறேன். கரிமக் கணக்கு, அதாவது ஒரு தொழில் வெளியிடும் கரியமில வாயுவை அளப்பது பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இதோ.

அண்ணே, பிறையில் சின்ன மெஷினிங் பட்டறை. வாடிக்கையாளர் கார்பன் கணக்கு கேட்கிறார், எங்களிடம் எக்செல்தான் இருக்கிறது. புது சாஃப்ட்வேர் வாங்கணுமா?

இப்போதைக்கு வேண்டாம் தம்பி. 12 மாத மின்சார பில், லோரிக்கு டீசல் ஊற்றிய ரசீது, இரண்டையும் ஒரே ஷீட்டில் ஏற்றுங்கள். டீசல் லிட்டருக்குச் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு. தீபகற்ப மலேசியாவில் மின்சாரம் பெரும்பாலும் நிலக்கரியிலும் எரிவாயுவிலும் வருவதால் யூனிட்டுக்கு முக்கால் கிலோவை ஒட்டி வரும். எரிசக்தி ஆணையம் வெளியிடும் எண்ணையே எடுங்கள், எந்த ஆண்டு எண் என்பதையும் பக்கத்தில் குறித்து வையுங்கள். ஆடிட்டர் கட்டாயம் கேட்பார்.

ஸ்கோப் 3 என்றாலே தலை சுற்றுகிறது. நானூறு சப்ளையர், யாரிடம் தொடங்க?

ஸ்கோப் 3 என்பது நம் பட்டறைக்கு வெளியே, சப்ளையர், போக்குவரத்து போன்றவற்றில் நமக்காக வெளியாகும் கரி. அதில் 15 பிரிவுகள் உண்டு, எல்லாவற்றையும் ஒரே நாளில் தொட வேண்டாம். கொள்முதல் லெட்ஜரை பவர் பிஐ என்ற டேட்டா அலசும் சாஃப்ட்வேரில் போட்டு, செலவை அந்தந்தப் பொருளுக்கான கார்பன் எண்ணால் பெருக்கி, பெரியதிலிருந்து வரிசைப்படுத்துங்கள். மேலே வரும் பத்துப் பதினைந்து பேர்தான் முதல் வேலை. ஆனால் ஒன்று, செலவை வைத்துப் போடும் கணக்கில் அலுமினியம் விலை ஏறினால் கார்பனும் ஏறியதாகக் காட்டும், சப்ளையர் உண்மையில் குறைத்திருந்தாலும் அது தெரியாது. அதனால் அந்தப் பத்துப் பேரிடம் மட்டும் எடையும் மின்சார அளவும் கேட்டு வாங்குங்கள்.

டேஷ்போர்டு செய்தேன் அண்ணே, யாருமே பார்ப்பதில்லை.

இது எனக்கும் நடந்தது. முன்பு இருந்த கம்பெனியில் அழகழகாகப் படம் போட்டேன், மேலாளர்கள் ஒரு தடவை பார்த்ததோடு சரி. அப்புறம் ஷிப்பிங் டேட்டாவில் ஒரே ஒரு நெடுவரிசை (column) சேர்த்தோம்: இந்தச் சரக்கு ஏன் விமானத்தில் வந்தது? ஒரு டன் சரக்கு அதே தூரம் போக, விமானம் கப்பலைவிடப் பல பத்து மடங்கு கரி கக்கும், பணமும் அதிகமாகக் கரையும். மூன்று மாதத்தில் விஷயம் வெளியே வந்தது. வாடிக்கையாளர் அவசரப்படுத்தியது கொஞ்சம்தான், பெரும்பாலும் நாங்களே பர்ச்சேஸ் ஆர்டரைத் தாமதமாக விட்டு, நாள் போதாமல் விமானத்துக்கு ஓடியிருந்தோம். திங்கட்கிழமை பிளானிங் கூட்டத்தில் அந்தப் பட்டியலை, எத்தனை ரிங்கிட் செலவானது என்ற கணக்கோடு, முதல் பக்கத்தில் வைத்தேன். அடுத்து நடந்தது எளிது: சில பாகங்களுக்கு ஆர்டரை முன்கூட்டியே விட்டோம், அவை கப்பலில் பட்டர்வொர்த்துக்கு வர ஆரம்பித்தன. மக்கள் முடிவெடுக்கிற கூட்டத்துக்கே எண் போக வேண்டும், தயவுசெய்து அதைத் தனி அறிக்கையில் பூட்டி வைக்காதீர்கள்.

ஐரோப்பாவுக்கு போல்ட், நட் அனுப்புகிறோம். சிபிஏஎம் எங்களுக்கும் உண்டா?

சிபிஏஎம் (CBAM) என்பது இறக்குமதிப் பொருளைத் தயாரிக்கும்போது வெளியான கரிக்கு ஐரோப்பிய ஒன்றியம் விலை போடும் விதி. இரும்பு, எஃகு போல்ட் என்றால் உண்டு. 2023 அக்டோபரில் அறிக்கைக் காலம் தொடங்கியது, 2026 ஜனவரியிலிருந்து முழு விதி. அந்தக் கரிக்கான சான்றிதழைக் காசு கொடுத்து வாங்குவது அங்குள்ள இறக்குமதியாளர் பொறுப்பு, ஆனால் உமிழ்வு எண் உங்களிடமிருந்துதான் போக வேண்டும். எஃகு வாங்கும்போதே ஆலையின் உமிழ்வு விவரத்தை பர்ச்சேஸ் ஆர்டரில் நிபந்தனையாகச் சேர்த்துவிடுங்கள். சரக்கு வந்த பிறகு கேட்டால் பதில் வராது.