இருமல் மருந்து குடித்தவருக்கு ‘ஓபியேட் பாசிட்டிவ்’: அடுத்து என்ன?

கேள்வி: கப்பல் வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில் என் தம்பியின் சிறுநீரில் ‘ஓபியேட் பாசிட்டிவ்’ என்று வந்திருக்கிறது. அவனுக்கு எந்தப் பழக்கமும் இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த கோடீன் இருமல் மருந்து குடித்துக்கொண்டிருந்தான். முந்தின நாள் வீட்டில் கசகசா அரைத்த குருமா வேறு. வெளி லேபில் ரத்தப் பரிசோதனை செய்து காட்டினால் போதுமா?

பதில்: போதாது. ஓபியேட் என்பது மார்ஃபின், கோடீன் போன்ற அபினி வகைப் பொருள்களின் பொதுப்பெயர்; கசகசாவும் அபினிச் செடியின் விதைதான். மார்ஃபின் ரத்தத்திலிருந்து பெரும்பாலும் ஒரு நாளுக்குள் மறைந்துவிடும். சிறுநீரில் இரண்டு மூன்று நாள் தங்கும். இன்று எடுக்கும் ரத்தம் சுத்தமாக இருந்தாலும், அன்றைய சிறுநீரைப் பற்றி அது எதுவும் சொல்லாது. கேட்க வேண்டியது, அன்று கொடுத்த அதே சிறுநீர் மாதிரியில் உறுதிப்படுத்தும் பரிசோதனை. மீதி மாதிரியை முத்திரையிட்டுக் குளிரில் வைத்திருக்கிறார்களா என்று இன்றே எழுத்தில் கேளுங்கள்.

இப்போது கையில் இருப்பது ஸ்கிரீனிங் எனும் முதற்கட்டச் சோதனையின் முடிவாகத்தான் இருக்கும். அதிலுள்ள ஆன்டிபாடி என்ற புரதம், மார்ஃபினைப் போன்ற வடிவமுள்ள எதையும் பிடித்துக்கொள்ளும். எந்த மருந்து, எவ்வளவு என்று சொல்லாது. ரிஃபாம்பிசின், லெவோஃப்ளாக்சசின் போன்ற மருந்துகளாலும் சில கிட்டுகள் ஏமாந்திருக்கின்றன. ஸ்ட்ரிப்பில் (சோதனைப் பட்டையில்) பார்த்திருந்தால் இன்னொன்று: கர்ப்பப் பரிசோதனைக்கு நேர்மாறாக, இதில் கோடு விழுந்தால் நெகட்டிவ். மங்கலான கோடும் நெகட்டிவ்தான். அவசரத்தில் மாற்றிப் படித்துவிட வாய்ப்புண்டு.

எந்த அளவுக்கு மேல் பாசிட்டிவ் என்கிறார்கள் என்பதையும் கேளுங்கள். அமெரிக்க அரசு வேலைப் பரிசோதனைகளில் முன்பு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராம் எல்லையாக இருந்தது. கசகசா தின்றவர்களும் மருந்து குடித்தவர்களும் அதில் மாட்டியதால் 1998-இல் 2000 ஆக உயர்த்தினார்கள். ஆனால் 300 எல்லையுள்ள ஸ்ட்ரிப்புகள் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன.

உறுதிப்படுத்தும் சோதனையில் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி கருவி ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே அளந்துவிடும். கோடீனில் ஒரு பகுதியைக் கல்லீரல் மார்ஃபினாக மாற்றும். அதனால் மருந்து குடித்தவரிடம் இரண்டும் தெரியும்: முதல் நாளில் கோடீன் மிகுந்திருக்கும், பிறகு மார்ஃபின் முந்தலாம். கசகசா என்றால் மார்ஃபினே மிகுதி, கோடீன் கொஞ்சம்தான். ஆகவே கடைசி டோஸ் என்றைக்கு, எத்தனை மணிக்கு என்பதைத் தம்பி சரியாகச் சொல்ல வேண்டும். மருந்தை நிறுத்தி ஒரு வாரம் ஆகியிருந்தால் அந்த விளக்கம் எடுபடாது. மருந்துச் சீட்டு, கடை பில் இரண்டையும் அளவு எண்களோடு சேர்த்து மருத்துவரிடம் கொடுங்கள்.

ஹெராயினைத் தனியே காட்டிக்கொடுக்கும் பொருள் 6-அசிட்டைல்மார்ஃபின். இருமல் மருந்திலிருந்தோ கசகசாவிலிருந்தோ அது வராது. அதையும் பார்க்கச் சொல்லுங்கள். சில மணி நேரத்தில் மறைந்துவிடும் என்பதால், அது இல்லை என்பது மட்டுமே முழு விடுதலை ஆகிவிடாது; மற்ற எண்களும் பொருந்த வேண்டும்.

மறுமாதிரி கேட்டால், குடம் குடமாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போக வேண்டாம். சிறுநீரில் இயல்பாக இருக்கும் கழிவுப்பொருளான கிரியாட்டினின் டெசிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே போனால் நீர்த்த மாதிரி என்று சந்தேகப்படுவார்கள்.

அப்புறம், வேலைக்குக் கிளம்பும்போது பெட்டியில் கசகசா பொட்டலம் வைத்து அனுப்பிவிடாதீர்கள். சிங்கப்பூரிலும் ஐக்கிய அரபு அமீரகத்திலும் அது தடை செய்யப்பட்ட பொருள்.