ஒரே கணினி, நாலு கணக்கு: யார் கோப்பை யார் பார்க்கலாம்?

கேள்வி: அண்ணா, வீட்டில் ஒரே விண்டோஸ் கணினி. எனக்கும் தம்பிக்கும் தனித்தனிக் கணக்கு. என் பாஸ்வேர்டு அவனுக்குத் தெரியாது. ஆனாலும் டி டிரைவில் நான் வைத்த படங்களைத் திறந்து பார்க்கிறான். எப்படி?

உங்கள் பாஸ்வேர்டு டி டிரைவுக்குக் காவல் இல்லை. சி டிரைவில் 'யூசர்ஸ்' ஃபோல்டருக்குள் ஆளுக்கொரு அறை உண்டு. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் எல்லாம் அதற்குள்தான். அங்கே இன்னொரு சாதாரணக் கணக்கு நுழைய முடியாது. டி டிரைவ் வீட்டுத் திண்ணை மாதிரி: லாகின் செய்த யாரும் படிக்கலாம், மாற்றலாம், அழிக்கலாம். விண்டோஸ் போட்டுக் கொடுக்கும் கடைக்காரர் "சி-யில எதுவும் வைக்காதீங்க, ஃபார்மேட் பண்ணா போயிடும்" என்று சொல்லி அனுப்புவார். நாமும் எல்லாவற்றையும் திண்ணையில் கொண்டுபோய்க் குவிப்போம்!

டி-யிலேயே வைக்க வேண்டுமென்றால், அந்த ஃபோல்டரில் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், செக்யூரிட்டி, அட்வான்ஸ்டு. முதலில் உங்கள் கணக்கைச் சேர்த்து 'ஃபுல் கன்ட்ரோல்' கொடுங்கள். அப்புறம் 'டிசேபிள் இன்ஹெரிட்டன்ஸ்': டிரைவின் அனுமதிகள் ஃபோல்டருக்குத் தானாக இறங்கி வருவதை இது நிறுத்தும். இரண்டு வழி கேட்கும். இருக்கும் அனுமதிகளை அப்படியே வைத்துக்கொள்ளும் முதல் வழியைத் தேர்ந்தெடுங்கள். பிறகு 'யூசர்ஸ்', 'ஆதென்டிகேட்டட் யூசர்ஸ்' இரண்டையும் நீக்குங்கள். 'யூசர்ஸ்' குழுவுக்கு 'டினை' (தடை) மட்டும் போட்டுவிடாதீர்கள். அந்தக் குழுவில் நீங்களும் உண்டு. 'டினை'தான் ஜெயிக்கும், வெளியே நிற்பது நீங்களாக இருப்பீர்கள். நான் நின்றிருக்கிறேன்.

கேள்வி: சார், எங்கள் வீட்டில் எல்லோருமே அட்மின் (கணினியின் நிர்வாகி). இதெல்லாம் செல்லுமா?

செல்லாது. அட்மின் உங்கள் ஃபோல்டரைத் திறந்தால் "அனுமதி இல்லை" என்று ஒரு பெட்டி வரும், அதிலேயே 'கன்டினியூ' பட்டனும் இருக்கும். அமுக்கினால் போதும். ஆனால் அந்த அமுக்கல் தடம் விட்டுப் போகும்: ஃபோல்டரின் அனுமதிப் பட்டியலில் அவர் பெயர் ஏறி, அப்படியே தங்கிவிடும். செக்யூரிட்டி பக்கத்தை ஒருமுறை பாருங்கள்; யார் வந்து போனார்கள் என்று தெரியலாம். ஒருவரை மட்டும் அட்மினாக வைத்து, மற்றவர்களைச் சாதாரணக் கணக்காக மாற்றுங்கள்.

அந்த ஒருவரிடமிருந்தே மறைக்க வேண்டுமென்றால் பூட்டு அனுமதியில் இல்லை, குறியாக்கத்தில், அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி கோப்பை மாற்றுவதில் இருக்கிறது. கோப்புகளைச் சுருக்கிக் கட்டும் 7-ஜிப்பில் பாஸ்வேர்டு போடுங்கள், கோப்புப் பெயர்களையும் மறைக்கும் பெட்டியை டிக் செய்யுங்கள். தினமும் எடுத்துப் புழங்கும் கோப்புகளுக்கு வெராகிரிப்ட் வசதி: பாஸ்வேர்டு போட்டால் தனி டிரைவாகத் திறக்கும். ஆனால் அதைத் திறந்த நிலையில் விட்டுவிட்டுக் கணக்கை மாற்றிக் கொடுத்தால், அடுத்தவருக்கும் அந்த டிரைவ் தெரியும்.

கேள்வி: விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கரை ஆன் செய்திருக்கிறேன். போதாதா?

அது லேப்டாப் திருடுபோனால் உதவும். கணினி ஆன் ஆன பிறகு எல்லாக் கணக்குக்கும் டிஸ்க் ஒன்றுதான்.

கேள்வி: கல்லூரி லேபில் விண்டோஸ் இல்லை, உபுண்டு (லினக்ஸ்). நண்பனின் ஹோம் ஃபோல்டரை (அவன் கணக்கின் சொந்த அறையை) என்னால் படிக்க முடிகிறது. கோளாறா?

கோளாறு இல்லை, பழைய வழக்கம். உபுண்டுவில் ஹோம் ஃபோல்டர் வெகுகாலம் 755 என்ற அனுமதியோடுதான் பிறந்தது. முதல் எண் உரியவருக்கு, நடு எண் குழுவுக்கு, கடைசி எண் மற்றவர்களுக்கு. படிக்க 4, எழுத 2, உள்ளே போக 1. ஆக கடைசி எண் 5 (4+1) என்றால் ஊரே வந்து படிக்கலாம். 2021-இல் வந்த 21.04 பதிப்பிலிருந்துதான் புதுக் கணக்குகளுக்கு 750 ஆனது. ஏற்கெனவே இருந்த ஹோம் ஃபோல்டர்கள் அப்கிரேடு செய்தாலும் தானாக மாறாது. லேபில் எல்லா மாணவர்களையும் ஒரே குழுவில் போட்டிருந்தால் 750-யும் வீண், 700 போடுங்கள். சூடோ உரிமை (உபுண்டுவின் அட்மின் உரிமை) உள்ளவர் அதையும் தாண்டுவார்.

கேள்வி: அந்தக் காலப் பெரிய கணினிகளில் இந்தத் தொல்லை இருந்திருக்காதே?

நன்றாகக் கேட்டீர்கள்! பலர் பகிர்ந்த ஆரம்பகாலக் கணினிகளில் ஒன்று அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தின் சிடிஎஸ்எஸ். 1966-இல் அதில் இரண்டு நிர்வாகிகள் ஒரே நேரத்தில் இரண்டு கோப்புகளைத் திருத்தினார்கள். எடிட்டரின் தற்காலிகக் கோப்புக்கு ஒரே பெயர் என்பதால் இரண்டும் இடம் மாறின. லாகின் செய்த எல்லோருக்கும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக மொத்த பாஸ்வேர்டு பட்டியலும் வந்து விழுந்தது.

கேள்வி: வம்பே வேண்டாம், எல்லாவற்றையும் பென்டிரைவில் போட்டுவிட்டால்?

கடையில் வாங்கும் பென்டிரைவ் பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மேட் செய்திருக்கும். அதில் கோப்பு யாருடையது என்ற பதிவே கிடையாது. செருகியே விட்டால் அதுவும் திண்ணைதான். வேலை முடிந்ததும் கழற்றிக்கொண்டு போங்கள்.