மருத்துவர் பதில்: அரிசி மெல்லும் மகள்

வேலைக்குப் போவதால் பிள்ளைகளின் உடல்நலத்தைக் கெடுத்துவிட்டேனோ என்ற அச்சம்தான் உங்கள் நீண்ட கடிதத்தின் அடியில் இருக்கிறது. இல்லை, நீங்கள் கெடுக்கவில்லை. கணவன், மனைவி இருவரும் காலை எட்டு மணிக்குள் கிளம்பியாக வேண்டிய வீட்டில் வாரத்தில் நான்கு நாள் இட்லியும் தோசையும், மதியத்துக்கு எலுமிச்சைச் சாதமோ தயிர்ச் சாதமோ என்று உணவு அமைவது குற்றமன்று. ஃபிரிட்ஜில் மூன்று நாள் இருந்த மாவால் யாருக்கும் கேடு வராது. மைக்ரோவேவ் அடுப்பு உணவை நஞ்சாக்குவதில்லை. வடித்த சோற்றை இரவு முழுவதும் வெளியே வைத்துவிட்டுக் காலையில் சூடாக்கி டப்பாவில் கட்டுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள், ஏனெனில் அதில் பெருகும் ஒருவகைப் பாக்டீரியாவின் நச்சு சூட்டில் அழிவதில்லை. வெள்ளை அரிசியை அடியோடு விட வேண்டும் என்று வாட்ஸ்அப்பில் வந்த காணொளியை நீரிழிவு உள்ள உங்கள் மாமியாரும் நம்ப வேண்டியதில்லை. அவர் அளவைக் குறைத்துச் சாப்பிட்டால் போதும்.

பதினோரு வயது மகள் அரிசி டப்பாவைத் திறந்து அள்ளி அள்ளி மெல்கிறாள், திட்டினால் ஒளிந்து தின்கிறாள் என்று கடிதத்தின் கடைசியில், அவளுடைய குறும்புகளில் ஒன்றைப் போல, ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியவற்றுள் உடனே கவனிக்க வேண்டியது அது ஒன்றுதான். கல்யாணத்தன்று மழை பெய்யும் என்று கேலி செய்து கடந்துபோகும் பழக்கமன்று அது. அரிசி தின்பதால் ரத்தம் சுண்டிவிடும் என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. உண்மை பெரும்பாலும் நேர்மாறானது. உடலில் இரும்புச் சத்து குறையும்போதுதான் அரிசி, சாம்பல், சாக்பீஸ், ஐஸ் கட்டி போன்றவற்றின் மீது அடக்க முடியாத ஆசை எழுகிறது. மாலையில் டியூஷன் முடிந்து வந்ததும் சுருண்டு படுத்துவிடுகிறாள், படிப்பில் கவனம் இல்லை என்று நீங்கள் வேறோர் இடத்தில் எழுதியிருப்பதையும் இதனோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அவளைத் திட்டுவதை இன்றே நிறுத்துங்கள்.

இரும்புக் குறைவும் அதனால் வரும் ரத்தசோகையும் அரியவை அல்ல. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், நம் நாட்டில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு ரத்தசோகை இருந்தது. உங்கள் மகள் இன்னும் பூப்பெய்தவில்லை என்கிறீர்கள். மாதவிடாய் தொடங்கிவிட்டால் இரும்பின் இழப்பு இன்னும் கூடும் என்பதால் அதற்கு முன்பே இதைச் சரிசெய்துவிடுவது நல்லது.

இந்த வாரமே அவளைக் குழந்தைநல மருத்துவரிடம் அழைத்துச் சென்று, சிபிசி என்று லேப்களில் சொல்லும் முழு ரத்தப் பரிசோதனையையும், உடலில் சேமிப்பாக உள்ள இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பாருங்கள். அவள் வயதில் ஹீமோகுளோபின் 11.5 கிராமுக்குக் குறைந்தால் அது ரத்தசோகை. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் குறைந்திருந்தால், இருப்பு தீர்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, படபடப்பு, மயக்கம், மலத்தில் ரத்தம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் வாரக் கடைசிவரை காத்திருக்க வேண்டாம்.

மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய இரும்பு டானிக்கைப் பத்து நாள் கொடுத்து, மலம் கறுப்பாகப் போகிறது என்று பயந்து நிறுத்தியதாக எழுதியிருக்கிறீர்கள். இரும்பு மருந்து சாப்பிட்டால் மலம் கறுக்கத்தான் செய்யும். பரிசோதனை இல்லாமல் தொடங்கியது முதல் தவறு: பெற்றோரிடமிருந்து வரும் ரத்தக் குறைபாடான தலசீமியாவின் கூறு உள்ள பிள்ளைகளுக்கும் ஹீமோகுளோபின் குறைவாகத்தான் இருக்கும், ஆனால் அவர்களில் பலருக்கு இரும்பு தேவையே இல்லை. பாதியில் விட்டது இரண்டாம் தவறு. ஹீமோகுளோபின் இயல்புக்கு வந்த பிறகும் இரண்டு மூன்று மாதம் தொடர்ந்தால்தான் உடலின் இருப்பு நிரம்பும். இணையத்தில் ஆர்டர் செய்த புரோட்டீன் பவுடரை நிறுத்திவிடலாம், அதற்குக் கொடுத்த பணத்தை நினைத்து மட்டும் வருந்துங்கள். பள்ளியில் கொடுத்த குடற்புழு மாத்திரையை ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றீர்களாம். கொக்கிப்புழு குடலில் ரத்தம் உறிஞ்சும் என்பதை அந்தக் காணொளி சொல்லவில்லை போலும். அடுத்த முறை மறுக்காமல் கொடுங்கள்.

மருந்தோடு உணவில் மாற்ற வேண்டியது அதிகமில்லை. முதலில் காலைத் தோசையோடு அவள் குடிக்கும் டீயை நிறுத்துங்கள். கீரையிலும் பயறிலும் உள்ள இரும்பு உடலில் சேராமல் டீயிலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருள் தடுக்கிறது. டீ வேண்டியவர்கள் உணவுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ குடிக்கட்டும். அதற்கு மாறாக எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றிலுள்ள வைட்டமின் சி இரும்பை ஏற்க உதவும் என்பதால், சுண்டலில் எலுமிச்சை பிழிவதும் டப்பாவில் இரண்டு துண்டு கொய்யா வைப்பதும் வீண் வேலையல்ல. ஞாயிற்றுக்கிழமை முருங்கைக்கீரையை உருவி, கழுவாமல் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் இரண்டு நாள் அடைமாவில் சேர்க்கலாம். முளைகட்டிய பாசிப்பயறுக்குச் சமையல் நேரம் ஐந்து நிமிடம்தான். நீங்கள் அசைவம் சாப்பிடுபவர்கள் ஆகையால் வாரத்தில் ஒருநாள் ஆட்டு ஈரலோ சுவரொட்டி எனப்படும் மண்ணீரலோ வாங்குங்கள், அவற்றிலுள்ள இரும்பு எளிதில் சேரும். கேழ்வரகுக் கஞ்சி நல்லதுதான், ஆனால் அதன் பெருமை கால்சியம். பேரீச்சம்பழச் சிரப் ஒரு தேக்கரண்டி கொடுத்துவிட்டு ரத்தம் ஊறும் என்று காத்திருக்காதீர்கள். (உங்கள் கடிதத்தில் கணவர் சாப்பிடுபவராக மட்டுமே வருகிறார். கீரை உருவ அவருக்கும் கைகள் இருக்கின்றன.)

இரும்பு மருந்தைத் தொடங்கியபின் பாலுடனோ டீயுடனோ கொடுக்க வேண்டாம். அரிசி ஆசை பெரும்பாலும் சில வாரங்களில் தானே விலகும். விலகினாலும் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபினை மறுபடி பாருங்கள், ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையென்றால் மருந்தைக் கூட்டாமல் மருத்துவரிடம் திரும்பிச் செல்லுங்கள். வீட்டில் மூன்று வயது மகனும் இருப்பதால் மருந்தை எட்டாத உயரத்தில், பூட்டிய அலமாரியில் வையுங்கள். இனிப்பென்று நினைத்து அவன் குடித்துவிட்டால் உயிருக்கே ஆபத்தாகும். அப்படி நடந்தால், அவன் நன்றாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.